மறுநாள் கேட்கும் குரல்

என் குரல் என்னோடு சென்னைக்கு வந்து சேரவில்லை, ஒரு நாள் பிந்தித்தான் வந்துகொண்டிருந்தது. அதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஏனென்றால் ஆவுடையார்கோவிலில் இருந்தபோதே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, இங்கே வந்த பிறகோ கடையில் விரலால் காட்டுவதும் பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டுவதும் ஆபீசில் தலையை ஆட்டுவதுமாகவே நாட்கள் போயின, எப்போதாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லி அது யார் காதிலும் விழாதபோது, இவ்வளவு பெரிய ஊரின் சத்தத்தில் என்னுடைய சத்தம் எம்மாத்திரம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கண்டுபிடித்தது செல்வின் அண்ணாச்சி. சூளையில் பொம்முசெட்டி சந்தில் நான் வாடகைக்கு எடுத்திருந்த மொட்டை மாடி அறைக்கு நேர் கீழே அவருடைய மளிகைக் கடை. ஒரு சனிக்கிழமை காலை அங்கே நின்று அரை லிட்டர் பாலும் ஒரு தீப்பெட்டியும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் வழக்கம்போல விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, நான் தூங்கிக்கொண்டிருந்தேன், கடைவாசலில் ஆள் இல்லை, அப்போது அந்த வெற்றிடத்திலிருந்து ஒரு பெண் குரல், "அண்ணா, அரை லிட்டர் பால், ஒரு தீப்பெட்டி" என்று பணிவாகக் கேட்டது. அண்ணாச்சி பயப்படவில்லை. பாலையும் தீப்பெட்டியையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, எதிர்வீட்டு ரோசிலி அக்காவைப் பார்த்து, "மேல் ரூம் பிள்ளைக்குக் குரலு பிந்தி வருதுக்கா. நல்ல குரலாத்தாம் இருக்கு" என்றார்.

"அப்பிடியா? நான் ஊமைப் பொண்ணுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் ரோசிலி அக்கா.

அந்த மாடி அறைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது ஒன்று பிந்தி வருவது சந்துக்குப் பழக்கம்தான் என்று அப்புறம் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒடிசாப் பையனுக்கு நிழல் பிந்தி வந்ததாம், அவன் வேலைக்குப் போன பிறகு அவன் நிழல் படியிறங்கிப் போவதைப் பார்த்து நேரம் சொல்வார்களாம். அவனுக்கும் முன்னால் இருந்த நர்சுக்குப் பசி பிந்தி வந்தது, அதனால் அவள் இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பசித்தாள். இதையெல்லாம் தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும், கரண்ட் எந்த நேரத்தில் போகும் என்று சொல்கிற அதே தொனியில் எனக்குச் சொன்னார்கள், "கொஞ்ச நாள் ஆவும், வந்துடும்" என்றும் சொன்னார்கள், எவ்வளவு நாள் என்று நான் கேட்டது மறுநாள் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும், அதற்குள் கேள்வி யாருடையது என்பதே மறந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

குரல் நான் பேசிய அதே நேரத்தில், நான் பேசிய அதே இடத்தில் மறுநாள் கேட்கும், அவ்வளவுதான் அதன் சட்டம். இஸ்திரி வண்டி துரைக்கண்ணு அண்ணனிடம் சுடிதாரை நீட்டி "மடிப்பு வேண்டாம்ணா" என்று சொன்னால் இன்று மடிப்போடு வரும், மறுநாள் அதைக் கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொள்வார், பிறகு என் துணி எதற்குமே மடிப்பு வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பஸ்ஸில் நான் சொன்னது பஸ்ஸோடு போகவில்லை, சொன்ன இடத்திலேயே தங்கிவிட்டது. வேப்பேரி சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், நடுரோட்டில், வண்டிகளுக்கு மேலே ஆளுயரத்தில் தினமும் காலையில் "நுங்கம்பாக்கம் ஒண்ணு" என்று ஒரு குரல் எழும்பியது, அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிறகு அந்தக் குரல் கேட்டதும் கையைக் காட்டி அடுத்த பக்கத்து வண்டிகளை விட ஆரம்பித்தார்.

ஆபீசில்தான் கஷ்டமாக இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை, கூட்டத்தில் என்னைக் கேட்டால் நான் பதில் சொல்வேன், எல்லோரும் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். மறுநாள் அதே நேரத்தில் காலியான அந்த அறையிலிருந்து என் யோசனை தெளிவாகக் கேட்கும்போது, யாரோ ஒருவர் அதை ஏற்கெனவே சொல்லிப் பாராட்டும் வாங்கியிருப்பார். மேலாளர் நல்ல மனிதர், "பேசாம நீங்க எழுதியே குடுத்துடுங்க யோகாம்பாள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்கக் கொடுக்க, நான் ஒரு ஆள் என்பது போய் ஒரு காகிதம் என்பது போல ஆகிவிட்டது.

அம்மா எழுத்துக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "எழுத்துல நீ நல்லா இருக்கேன்னு யாரு வேணா எழுதலாம், எனக்குக் குரல் வேணும்" என்றாள். அதனால் ஒரு முறை செய்துகொண்டோம். விளக்கு வைக்கும் நேரத்தில் என் அறைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று பேசுவேன், மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் போனைப் பிடித்தால் நேற்றுப் பேசியது அம்மாவுக்குப் போகும். அம்மா இன்று கேட்கும் கேள்விக்கு நான் இன்று சொல்லும் பதில் அவளுக்கு நாளைக்குத்தான். பாதி நாட்கள் கேள்வியும் பதிலும் சேராமல் போயின. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டால், தக்காளி விலை ஏறிவிட்டது என்று பதில் வரும். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எதற்கு எதைச் சொன்னேன் என்று எனக்கே புரியாது.

அப்பா மட்டும் இதில் எதையும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். "புது எடத்துல கொண்டுபோயிக் கட்டுன மாடு கொஞ்ச நாளைக்குப் பாலை மறிச்சுக்கிரும். மடியில இருக்கும், ஆனா எறங்காது. நாம அடிக்கக் கூடாது, காத்துத்தான் கெடக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் நான் ரயிலேறிய அன்றைக்கு அவர் என்னிடம் சொல்லியிருந்தது வேறு. "முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுத்தா. மறுநாளே வந்து கூட்டியாந்துடுவேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்." அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தால் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார், அதற்குப் பிறகு இந்த ஊர் கிடையாது, நான் ஒரு வருஷம் அலைந்து வாங்கிய வேலை கிடையாது, திரும்பி வரும் பேச்சும் கிடையாது.

அந்த வார்த்தையை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

அன்று காலை கடல் பார்க்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். எந்த பஸ் என்று நிறுத்தத்தில் ஒரு அம்மாவிடம் கேட்டேன், நன்றாகவே கேட்டேன், அந்தக் கேள்வி மறுநாள்தான் அங்கே கேட்கும் என்பது நினைவில் இல்லாமல், அவள் எதற்கோ தலையாட்டிய பஸ்ஸில் ஏறினேன், அது கடலை விட்டு எதிர்ப்பக்கம் செங்குன்றம் போய்விட்டது. "வாயைத் தொறந்து கேக்க மாட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கண்டக்டர் கத்தினார், பஸ் முழுக்கச் சிரித்தது, இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. தார்ச்சாலையில் ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து, மூன்று பஸ் மாறி நான் மாடிக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து மாதா கோயிலில் பகல் மணி அடித்தது. தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, "அப்பா, முடியலைப்பா, என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்றேன். ஒருமுறை சொன்னதும் நிறுத்த முடியவில்லை. அழுகிறபோது கூடச் சத்தம் வராமல் இருப்பது எவ்வளவு விநோதமானது என்று யோசித்துக்கொண்டே அழுதேன். பிறகு மேகம் கூடி மழை வந்தது, அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் போனில் சனிக்கிழமைக் குரல் அப்பாவிடம் போனது. "நல்லாத்தான் இருக்கேன்ப்பா, ஒண்ணுமில்லப்பா" என்றது அது. "நாளைக்கு வாரேன்" என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

நான் அப்பாவைக் கூப்பிட்டது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேனே, அது தப்பு. எதிர்மாடியில் ரோசிலி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாவு அரைத்து விற்கிறவள், நாள் முழுக்கக் கிரைண்டர் சத்தத்தில் இருந்து இருந்து மற்றவர் பேச்சை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகியவள், சந்திலேயே என் பேச்சை அன்றன்றைக்கே தெரிந்துகொள்ளும் ஒரே ஆள். அப்பா வரப்போகிறார் என்பதையும் சாயங்காலம் அவளிடம்தான் சொல்லியிருந்தேன். திங்கள் காலை, லீவுக்கு எழுதி அனுப்பிவிட்டு, அப்பாவுக்கு உப்புமா கிண்டச் சேமியா வாங்கக் கடைக்குப் போனபோது, அங்கே அவளும் அண்ணாச்சியும் துரைக்கண்ணு அண்ணனும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வந்ததும் நிறுத்தவும் இல்லை.

"மணி அடிச்சவுடனே தொட்டியாண்ட அது கேக்கும். அப்பா அங்க இருந்தார்னா கதை முடிஞ்சுது" என்றாள் ரோசிலி அக்கா.

"முடியட்டுமே. பிள்ளைக்கு முடியலைன்னா பெத்தவருக்குத் தெரிய வேண்டாமா? நாம யாரு மறைக்கதுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"நேத்து சொன்னது நேத்தோட போச்சு அண்ணாச்சி. எங்க வூட்டுக்காரரு கிட்ட நான் டெய்லி சொல்றேன், உன்ன வுட்டுட்டுப் போறேன்னு. மறுநாள் அத்தப் பிடிச்சிக்கினு என்னைக் கெளப்பி வுட்டா நாயமா?"

"ஒம் பேச்சு அன்னன்னைக்கே கேட்டுருதுல்லா, அதான் தப்பிக்கே."

துரைக்கண்ணு அண்ணன் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணையே கேளுங்கப்பா. தோ நிக்குது பாரு" என்றார்.

மூன்று பேரும் திரும்பினார்கள். நான் சேமியா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிஷம் வேகவைக்க வேண்டும் என்று போட்டிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். அப்பா கேட்க வேண்டுமா, கேட்கக் கூடாதா? கேட்டால் இன்று ராத்திரி ஊரில் என் கட்டிலில் தூங்கலாம், யாரும் கத்த மாட்டார்கள். கேட்காவிட்டால் நாளைக்கு மறுபடி வேப்பேரி சிக்னல். இரண்டையும் நினைத்தேன், பாக்கெட்டை முன்பக்கம் திருப்பினேன்.

"இன்னிக்கு எதுவும் சொல்ல மாட்டேங்குது" என்றாள் ரோசிலி அக்கா என் உதட்டைக் கூர்ந்து பார்த்து. "அப்ப நேத்துப் பேச்சு செல்லாது. நான் கிரைண்டரை மாடிக்கு ஏத்தறேன். அண்ணாச்சி, நீங்க காலி டின்னையெல்லாம் கழுவணும்னு சொன்னீங்களே."

"நான் எப்பம் சொன்னேன்?" என்றார் அண்ணாச்சி. ஆனால் டின்களை எண்ணெய்க் கறையோடு வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார்.

அப்பா பத்து மணிக்கு மேல் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை, அதில் அம்மா கொடுத்த முறுக்கு. அண்ணாச்சி கடைவாசலிலேயே மடக்கி, கலர் குடிக்கச் சொல்லி, மழை, மாடு, ஆவுடையார்கோவில் சிற்பம் என்று என்னென்னவோ கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டார். உப்புமாவைச் சாப்பிட்டார், என் அறையின் தகரக் கூரையைப் பார்த்தார், வெளியே வந்தார்.

"நேத்துப் பகல்ல எங்கத்தா இருந்தே?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் பார்க்க அவர் வரவில்லை. அவர் இல்லாதபோது நான் என்ன பேசுகிறேன் என்று கேட்க வந்திருக்கிறார். பொய்யாக வேறு பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். என் கை தொட்டியைத்தான் காட்டியது. அப்பா துண்டை விரித்துத் தொட்டி நிழலில், நான் உட்கார்ந்த அதே இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், மாட்டுக்கு ஜுரம் பார்க்கும்போது இருப்பது போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

மாதா கோயில் மணி அடித்தது, அடித்ததும் எதிர்மாடியில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது, உள்ளே அரிசி போடாத வெறும் கிரைண்டர், கல்லும் கல்லும் அரைபடும் சத்தம், கீழே அண்ணாச்சி டின்களை உருட்டினார், துரைக்கண்ணு அண்ணன் இஸ்திரிப் பெட்டியின் மூடியைப் படார் படாரென்று திறந்து மூடினார், சந்து முனையில் நின்ற ஆட்டோக்காரர்களிடம் யார் சொன்னார்களோ, எல்லா ஆரனும் ஒன்றாக அலறியது, என்னவென்றே தெரியாத வீடுகளிலிருந்தும் குக்கர் மூடியும் கரண்டியும் தட்டும் சத்தம் எழுந்தது, அந்தச் சத்தமெல்லாம் சேர்ந்து ஒரு கூரை போல எங்கள் மாடிக்கு மேலே நின்றது, அதற்குக் கீழே அப்பாவுக்கு ஒரு முழம் பக்கத்தில் என் நேற்றைய அழுகை நடந்துகொண்டிருந்தது.

அப்பா காதுக்கு மேல் கையைக் குவித்தார். என்னைப் பார்த்து, "எப்பவும் இப்புடித்தானா?" என்று கத்தினார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது.

எவ்வளவு நேரம் அழுதிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியாது, ரோசிலி அக்கா நேற்று நடுவிலேயே கீழே இறங்கிவிட்டிருந்தாள். கைகள் ஓய்ந்தன. ஆரன் நின்றது, டின் நின்றது, கடைசியாகக் கிரைண்டர் நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், அப்பாவின் தலைக்கு மேலே, நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத பெரிய சத்தத்தில், என் குரல் கத்தியது:

"அக்கா! ரோசிலி அக்கோவ்! மழை வருது! துணியை எடுங்க! அண்ணாச்சி, மொளகாய் நனையுது, மொளகாய்!"

நான் அதைக் கத்தியதே எனக்கு நினைவில்லை. கத்தி எந்தப் பயனும் நேற்று விளையவில்லை, எல்லாம் நனைந்துதான் போயிருந்தன. ஆனால் இன்று அந்தக் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டதும் சந்து யோசிக்கவில்லை. பொட்டு மேகமில்லாத வெயிலில் ரோசிலி அக்கா கொடிக்குப் பாய்ந்தாள், அண்ணாச்சி மிளகாய்ச் சாக்கைக் கடைக்குள் இழுத்தார், துரைக்கண்ணு அண்ணன் வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டார், நான் என் கொடியிலிருந்தவற்றை வாரினேன், பக்கத்தில் பார்த்தால் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாருடைய போர்வையையோ உருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்தோம்.

"ஒனக்கு இவ்வளவு சத்தம் வருமா?" என்றார் அப்பா. சிரிக்கவில்லை. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "சரி, நேராவே கேக்குறேன். ஊருக்கு வாரியா, இருக்கியா?"

துணிக் குவியல் என் மூக்குவரை இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து நான் பதில் சொன்னேன். வாரேன் என்பதும் இருக்கேன் என்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, அவற்றில் எது வெளியே வந்தது, எதுவுமே வந்ததா என்பது எனக்கே நிச்சயமில்லை, உதடு தெரியாததால் ரோசிலி அக்காவாலும் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு நாள்தான் லீவு, செவ்வாய்க்கிழமை மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். கிளம்பும்போது கடைவாசலில் நின்று, "நாளைக்குப் பகல் மணி அடிச்சப்பறம் மேல நின்னு, புள்ள என்ன சொல்லுச்சுன்னு கேட்டு எனக்குச் சொல்லணும். வாரேன்னு சொல்லியிருந்தா மறுநாளே வந்துருவேன்" என்றார். "சொல்லிருவோம் அண்ணாச்சி, கூட்டாம கொறைக்காம சொல்லிருவோம்" என்றார் செல்வின் அண்ணாச்சி.

மறுநாள் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். மொட்டை மாடி நிறைந்திருந்தது. ஆட்டோக்காரர்கள் வந்திருந்தார்கள், பெயர் தெரியாத வீட்டுக்காரர்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. ரோசிலி அக்கா என் போனை வாங்கி அப்பாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, நான் துணியோடு நின்ற இடத்தில் உயர்த்திப் பிடித்தாள். போனுக்குள்ளே எங்கோ மாடுகள் கத்துவது கேட்டது. முதலில் என்னுடைய நேற்றைய மூச்சு கேட்டது, ஏதோ சொல்ல வந்து விழுங்கியது கேட்டது, பிறகு குரல்.

"தெரியலைப்பா."

அவ்வளவுதான். எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வேறொன்றும் வரவில்லை.

போனில் அப்பா மூச்சு விட்டார். "தெரியலையா," என்றார். மாடு ஒன்று கத்தியது. "தெரியலைன்னா இரு. தெரிஞ்சதும் சொல்லு."

வைத்துவிட்டார். அண்ணாச்சி இதற்கு என்ன அர்த்தம் என்று யாரையாவது கேட்பது போல எல்லா முகத்தையும் பார்த்தார், ஆட்டோக்காரர் ஒருவர் "அப்போ பொண்ணு இங்கியே இருக்குது, இல்ல?" என்றார்.

"அவ்ளோதானா?" என்றாள் ரோசிலி அக்கா. "இதுக்கா நான் மாவைப் பாதியில நிறுத்திட்டு வந்தேன்?"

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து சிரித்தேன். அது நாளைக்குப் பகல் மணி அடித்த பிறகு இந்த மாடியில் கேட்கும், அப்போது நான் நுங்கம்பாக்கத்தில் இருப்பேன்.